ரோஹிணிக்குக் கிடைத்த தராசு

ரோஹிணி சணல் பையிலிருந்து அந்தத் தராசை வெளியே எடுத்தபோது ராஜலக்ஷ்மியின் கண் நேராக அதன் இரண்டு முனைகளுக்குப் போனது. போன கண் அங்கேயே நின்றுவிட்டது. இரும்புக் கோல் நடுவில் பருத்து, இரு பக்கமும் சீராக மெலிந்துகொண்டே போய், முடிகிற இடத்தில் அன்னம் கழுத்தைத் திருப்பித் தன் முதுகைப் பார்ப்பதுபோல வளைந்திருந்தது. இப்படியொரு வளைவை அவள் படங்களில்தான் பார்த்திருக்கிறாள். கையில் பிடித்ததில்லை.

"ஐ.என்.ஏ. மார்க்கெட்ல கிடைச்சுதுங்க்கா," என்றாள் ரோஹிணி. "நாம அரிசி வாங்குவமில்லைங்க, அந்தக் கடைதானுங்க. பரணைக் காலி பண்ணிட்டு இருந்தாரு. இதைப் பழைய இரும்பு வாங்கற கபாடிக்காரனுக்குப் போடப்போறேன்னாரு. ஒரு நிமிசம் இருங்கண்ணான்னு சொல்லி நானே எடுத்துட்டு வந்துட்டேன்."

அந்தக் கடை! ராஜலக்ஷ்மி மாதம் தவறாமல் போகிற கடை. கருவேப்பிலை வாடாமல் இருக்கிறதா, அப்பளம் நொறுங்காமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு அந்தப் பரணுக்கு நேர் கீழே எத்தனை முறை நின்றிருப்பாள்! ஒருமுறை தலையை நிமிர்த்திப் பார்த்திருந்தால் போதும். பார்க்கவில்லை. இந்தப் பெண் போன வருடம்தான் தராசு என்றால் என்னவென்றே கேட்க ஆரம்பித்தவள். ஒரு கிலோ இட்லி அரிசி வாங்கப் போன இடத்தில் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

ராஜலக்ஷ்மிக்குச் சொந்த ஊர் மதுரைப் பக்கம். வேலை, டில்லியில் எடையையும் அளவையையும் கவனிக்கிற ஒரு அரசு அலுவலகத்தில் செக்ஷன் ஆபீசர். ஆர்.கே.புரத்தில் குவார்ட்டர்ஸ். அலுவலகத்தில் பார்க்கிற தராசு போதாதென்று வீட்டிலும் பழைய தராசுகளாகச் சேர்த்து வைத்திருந்தாள். வெற்றிலைக் கடைத் தராசு, வைத்தியர் தராசு, பொற்கொல்லர் தராசு என்று சின்ன அறை முழுவதும் தொங்கும். அந்த அறைக்கு அவள் கணவர் ஜெயராம் வைத்த பெயர் இரும்புக்கடை. ஆனாலும் டில்லித் தமிழர் வட்டாரத்தில் தராசு என்றால் ராஜலக்ஷ்மி என்று ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரை அவள் மிகவும் விரும்பினாள்.

ரோஹிணி கோயம்புத்தூர்க்காரி. குர்கானில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. போன பொங்கலுக்குத் தமிழ்ச் சங்க மண்டபத்தில் ராஜலக்ஷ்மி வைத்திருந்த தராசுகளைப் பார்த்து, விழி விரிய நின்று, வரிசையாகக் கேள்வி கேட்டவள். அன்றிலிருந்து ஞாயிறுதோறும் வருவாள், வாய்க்கு வாய் 'அக்கா' என்பாள். ராஜலக்ஷ்மிக்கும் அது பிடித்திருந்தது. கேட்கிற ஆள் கிடைத்தால் அவளுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம்.

ஆனால் நாளைய ஞாயிறு வேறு மாதிரியான ஞாயிறு. மெஹ்ரோலியில் புதிதாக ஒரு சிறிய தனியார் அருங்காட்சியகம் திறக்கிறார்கள். அங்கே வேலை செய்கிற சுபிக்ஷா என்ற பெண் சங்க மண்டபத்துக்கு வந்து, வைத்திருக்கிற பழம்பொருள்களைப் பார்த்து, ஒரே ஒரு தராசைத் தேர்ந்தெடுக்கப்போகிறாள். அது தனிக் கண்ணாடிப் பெட்டியில் இருக்கும். கீழே சேகரித்தவரின் பெயர் இருக்கும். சங்கச் செயலாளர் மாசிலாமணி தீபாவளிக்கு முன்பே சொல்லியிருந்தார்: "உங்களோடதுதான் மேடம், வேற யாரு இருக்கா?" உண்மையாகவே வேறு யாரும் இருக்கவில்லை, இந்தச் சனிக்கிழமை சாயங்காலம் வரை.

"நீங்க அசல்னு சொன்னாத்தான் நாளைக்கு மேசைல வெப்பேனுங்க்கா," என்றாள் ரோஹிணி. "போலின்னா சொல்லிருங்க. எதுக்கு எல்லாரு முன்னாடியும் அசிங்கப்படோணும்?"

ராஜலக்ஷ்மி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தராசை மடியில் கிடத்தினாள். போலியாக இருக்கவேண்டும் என்று அவள் வாய்விட்டு வேண்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

பழைய தராசைப் பார்க்க அவளிடம் ஒரு முறை உண்டு. முதலில் மேல்தோல். இப்போது வரவேற்பறை அலங்காரத்துக்கென்று விற்கிற தராசுகள் அச்சில் ஊற்றி வார்த்தவை. தடவினால் மணல் பதிந்த சொரசொரப்பு தெரியும், இரண்டு அச்சுகள் சேர்ந்த இடத்தில் ஒரு மெல்லிய வரம்பு ஓடும். கொல்லன் அடித்துச் செய்ததில் வரம்பு இருக்காது. அரம் போட்ட கீற்றுகள் இருக்கும், அதுவும் சாய்வாக, ஒரு கை பழகின திசையில். ராஜலக்ஷ்மி விரலால் தடவினாள். வரம்பு இல்லை. அரக் கீற்றுகள் முழுக்க ஒரே பக்கம் சாய்ந்திருந்தன. செய்தவன் இடக்கைக்காரன் என்றுகூடச் சொல்லிவிடலாம்.

அடுத்தது நடுப்பகுதி. தராசின் உயிர் அங்கேதான் இருக்கிறது. அலங்காரத் தராசில் நடுவே ஒரு திருகாணியைச் செருகி விட்டிருப்பார்கள். உருண்டையான ஆணி துளைக்குள் உரசிக்கொண்டு கிடக்கும், தட்டில் ஒரு பிடி அரிசி போட்டாலும் முள் யோசித்துத்தான் அசையும். நல்ல தராசில் ஆணி கிடையாது. எஃகைக் கூராகத் தீட்டி, கத்தியின் வாய் கீழே பார்ப்பதுபோலப் பொருத்தியிருப்பார்கள். கோலின் பாரம் முழுவதும் அந்த ஒரு கோட்டில்தான் உட்காரும். தொடுகிற இடம் குறையக் குறைய உரசல் குறையும், உரசல் குறையக் குறைய ஒரு மிளகுக்குக்கூட முள் தலையாட்டும். அதே மாதிரிக் கத்திமுனை தட்டுகள் தொங்குகிற இரண்டு முனைகளிலும் இருக்கவேண்டும். மொத்தம் மூன்று. ராஜலக்ஷ்மி நகத்தை வைத்துப் பார்த்தாள். மூன்றும் இருந்தன. சுற்றியிருந்த இரும்பு கறுத்திருக்க, கத்திமுனைகள் மட்டும் நீலம் பாய்ந்து பளபளத்தன.

ஒவ்வொன்றும் சரியாக இருக்க இருக்க அவளுக்கு எரிச்சல் ஏறியது.

கடைசியில் முத்திரையைத் தேடினாள். எடை ஆய்வாளர்கள் தராசைச் சோதித்துவிட்டு ஒரு சின்ன ஈயக் குமிழில் முத்திரை குத்துவார்கள். இதில் ஈயமும் இல்லை, முத்திரையும் இல்லை. ஆய்வு, சட்டம் என்றெல்லாம் வருவதற்கு முந்திய காலத்துத் தராசாக இருக்கும் என்று நினைத்தாள். அந்த நினைப்பும் வயிற்றெரிச்சலைத்தான் கூட்டியது. பழசுக்கும் பழசா இது!

அந்த நேரம் பார்த்து ஜெயராம் டீயோடு வந்தார். வந்தவர் டீத்தட்டை மேசையில் வைக்கவே மறந்து நின்றார்.

"அடேங்கப்பா! இது என்னம்மா ரோஹிணி, தராசா நகையா?"

"தராசுதானுங்கண்ணா."

"ராஜி, இதப் பாரேன். இந்த வளைவப் பாரு. ச்சே!"

இருபது வருடத்தில் அவர் அந்தச் சின்ன அறையின் வாசலில் நின்று ஒருமுறைகூட 'ச்சே' என்று வியந்ததில்லை. 'தலையில இடிக்குது' என்று சொன்னதுண்டு.

"பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன்," என்றாள் ராஜலக்ஷ்மி. "டீ ஆறிப்போகுது."

"அசல்தானுங்களாக்கா?" என்று ரோஹிணி கேட்டாள்.

போலி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்தப் பெண் மறுபேச்சுப் பேசாமல் பையைச் சுற்றிக்கொண்டு போய்விடுவாள். நாளைக்கு மேசையில் இது இருக்காது. ஆனால் அசலைப் போலி என்று சொல்ல ராஜலக்ஷ்மிக்கு வாய் வரவில்லை. அவளுக்கிருந்த ஒரே பெருமையே அந்த வித்தியாசம் தெரியும் என்பதுதான். அதை விட்டுவிட்டு எதை வைத்து ஜெயிப்பது?

"நல்ல வெளிச்சத்துல பார்க்கணும்ப்பா," என்றாள். "இங்கயே விட்டுட்டுப் போ. காலைல சொல்றேன்."

"அச்சாங்க்கா," என்று ரோஹிணி எழுந்தாள். படியிறங்கும்போதும் திரும்பிப் பார்த்தாள். "நீங்க பார்த்தாச்சுன்னா எனக்கு நிம்மதிங்க்கா."

கதவைச் சாத்தியதும் ஜெயராம், "அந்தப் பொண்ணுக்கு என்னா கண்ணு, என்ன?" என்றார்.

"அரிசி வாங்கப் போனா. எதுத்தாப்புல கிடந்துச்சு. இதுல கண்ணு எங்கருந்து வந்துச்சு?"

"கிடந்ததை எடுக்கணும்னு தோணணுமில்ல?"

"அப்ப நான் குருடா?"

"நான் எப்பம்மா அப்படிச் சொன்னேன்!" என்று ஜெயராம் டம்ளரோடு உள்ளே நழுவினார்.

மறுநாள் மூடுபனி விலகிப் பால்கனியில் வெயில் விழுந்ததும் ராஜலக்ஷ்மி தராசை ஊஞ்சல் கொக்கியில் மாட்டினாள். கீழே புல்தரையில் அக்கம்பக்கத்தார் கட்டில்களைப் போட்டு, நிலக்கடலை உரித்துக்கொண்டு, முதுகை வெயிலுக்குக் காட்டிக்கொண்டிருந்தார்கள். மலை மந்திர் முருகன் கோயிலிலிருந்து மணிச்சத்தம் வந்தது. தராசு இரண்டு முறை ஆடியது. மூன்றாவது முறை ஆடுவது மாதிரிப் போக்குக் காட்டிவிட்டு நின்றது. கோலின் நடுவிலிருந்து மேலே நிமிர்ந்த முள், அதைச் சுற்றியிருக்கும் கவையின் நட்டநடுவில் கோடு போட்டதுபோல நின்றது.

பார்க்கப் பார்க்க ஆத்திரம் வந்தது. கறை இல்லாத முகத்தைப் பார்த்தால் சிலருக்கு வருமே, அந்த ஆத்திரம்.

ஆனால் காலித் தராசு நேராக நிற்பதில் ஒன்றுமே இல்லை என்பதும் அவளுக்குத் தெரியும். பூங்காவில் பிள்ளைகள் எதிரெதிரே உட்கார்ந்து ஏறியிறங்கி ஆடும் பலகையை நினைத்துப் பாருங்கள். ஒல்லிப் பையன் கடைசி நுனியில் உட்கார்ந்தால், நடுவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்த குண்டுப் பையனைத் தூக்கிவிடுவான். எடை மட்டுமல்ல, நடுவிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறோம் என்பதும் கணக்கு. தராசின் இரண்டு கைகளும் ஒரே நீளமாக இருந்தால்தான் அது நியாயம் பேசும். ஒரு கை சற்றே நீளம் என்றால், நீளக் கைத் தட்டில் கொஞ்சம் குறைவான சரக்கே, குட்டைக் கையிலிருக்கும் எடைக்கல்லைத் தூக்கி நிறுத்திவிடும். காலியாகத் தொங்கும்போது குட்டு வெளிப்படாதா என்றால், அதற்கும் வழி இருக்கிறது. குட்டைக் கைக்குக் கொஞ்சம் கனமான தட்டாகப் போட்டுவிட்டால் ஆயிற்று. காலியாக இருக்கும்போது முள் நடுவில் நின்று பத்தினிபோலப் பார்க்கும்.

இதைக் கண்டுபிடிக்க நல்ல எடைக்கல்கூடத் தேவையில்லை. இரண்டு தட்டிலும் எதையாவது போட்டு முள்ளை நடுவில் நிறுத்தவேண்டும். பிறகு இந்தத் தட்டில் இருப்பதை அந்தத் தட்டிலும், அந்தத் தட்டில் இருப்பதை இந்தத் தட்டிலும் மாற்றவேண்டும். நேர்மையான தராசு மாற்றிய பிறகும் நேராகவே நிற்கும். பொய்த் தராசு மாற்றின நிமிடம் மாட்டிக்கொள்ளும்.

ராஜலக்ஷ்மி ஒரு தட்டில் இரும்பு எடைக்கல்லை வைத்தாள். மறு தட்டில் துவரம்பருப்பைக் கொட்டி, பிடி பிடியாகக் கூட்டி, கடைசியில் நான்கைந்து பருப்பாக எண்ணிப் போட்டு முள்ளை நிறுத்தினாள். பருப்பை ஒரு கிண்ணத்தில் வாங்கிக்கொண்டு, கல்லை இந்தப் பக்கம் மாற்றி, பருப்பை அந்தப் பக்கம் கொட்டினாள்.

கல் இருந்த தட்டு விர்ரென்று மேலே போனது. பருப்புத் தட்டு தொம்மென்று கீழே இறங்கியது.

அவள் இன்னொரு முறை செய்தாள். அதே கதை. ஒரு நூலை நடுக் கத்திமுனையிலிருந்து வலது முனை வரை இழுத்துப் பிடித்து, அதே நூலை இடது பக்கம் திருப்பினாள். நூல் தீர்ந்த பிறகும் கோல் மிச்சமிருந்தது, இரண்டு தீக்குச்சித் தடிமன் அளவுக்கு. தட்டுகளைக் கழற்றிக் கவிழ்த்தாள். வலது தட்டின் அடியில், ஓட்டை அடைத்த ஒட்டுபோல, ஒரு பித்தளை வில்லை. யாருமே சந்தேகப்படமாட்டார்கள். முத்திரை ஏன் இல்லை என்பதும் இப்போது புரிந்தது. சட்டத்துக்கு முந்திய பழசெல்லாம் இல்லை. ஆய்வாளர் கண்ணிலேயே படாமல் ஒளித்து வைத்திருந்த தராசு இது. எந்த மண்டியில் யார் வயிற்றில் அடித்ததோ!

"ஏங்க!" என்று கூவினாள். "ஏங்க, இங்க வாங்களேன்!"

ஜெயராம் ஆரஞ்சுச் சுளையோடு வந்தார். "என்னாச்சு? விழுந்துருச்சா?"

"இது திருட்டுத் தராசு!"

அவள் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்டு அவர் சுளையை வாயில் போடாமல் நின்றார். "அதுக்கு ஏன் லாட்டரி விழுந்த மாதிரி சிரிக்கிற?"

"யாரு சிரிச்சா?"

அப்போது கைபேசி அடித்தது. ரோஹிணி.

"அக்கா, பார்த்துட்டீங்களாங்க்கா?"

ராஜலக்ஷ்மி தொங்கிக்கொண்டிருந்த தராசைப் பார்த்தாள். சொல்வதற்கு இது நல்ல நேரம். சொன்னால் அந்தப் பெண் தராசை மேசையில் வைக்கமாட்டாள். வைக்காவிட்டால் என்ன ஆகும்? யாருக்கும் ஒன்றும் தெரியாமல் போய்விடும். ஜெயராம் 'நகை மாதிரி இருந்துச்சே' என்று வாழ்நாளெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அந்த அழகு எல்லார் முன்னாலும் தலைகுப்புறச் சாய வேண்டும்.

"அசல்தான்," என்றாள். அது பொய்யில்லை. "நீ நேரா மண்டபத்துக்கு வந்துரு. நானே எடுத்துட்டு வர்றேன்."

"அய்யோ, ரொம்ப தேங்க்ஸுங்க்கா! எனக்குத் தெரியுமுங்க, நீங்க பார்த்தா அது..."

"ஜல்தி வா," என்று சொல்லி ராஜலக்ஷ்மி வைத்துவிட்டாள்.

ஜெயராம் அவளைப் பார்த்தார். "சொல்லலையா?"

"அங்க சொல்றேன்."

அவர் சுளையை வாயில் போட்டு மென்றார்.

சங்க மண்டபத்தில் மேசைகள் வரிசையாகப் போட்டிருந்தார்கள். பித்தளை அடுக்குகள், கிராமபோன், பாக்குவெட்டிகள், யாரோ கொண்டுவந்திருந்த பழைய ரேடியோ. உள்ளே சமையலறையில் மதியச் சாப்பாட்டுக்கு உலை கொதித்துக்கொண்டிருந்தது. ராஜலக்ஷ்மியின் மேசையில் அவளுடைய பொற்கொல்லர் தராசு, ஈட்டி மரப்பெட்டிக்குள், குன்றிமணி எடைகளோடு இருந்தது. பக்கத்து மேசையில் ரோஹிணியின் தராசு ஒரு மரச்சட்டத்திலிருந்து தொங்கியது. வருகிறவர்கள் முதலில் எந்தப் பக்கம் திரும்பினார்கள் என்பதை ராஜலக்ஷ்மி பார்க்காததுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாரும் அன்னக் கழுத்துப் பக்கம்தான் திரும்பினார்கள்.

"ரோஹிணி மேடம், க்யா பாத் ஹை!" என்று மாசிலாமணி அங்கே நின்று கைதட்டினார். தீபாவளிக்கு முன்னால் வேறு யாரும் இல்லை என்று சொன்ன அதே மாசிலாமணி.

சுபிக்ஷா இளம்பெண். டில்லியிலேயே பிறந்து வளர்ந்தவள், தமிழை இங்கிலீஷ் கலந்து பேசினாள். ராஜலக்ஷ்மியின் பெட்டியைத் திறந்து, குன்றிமணிகளைக் கையில் ஏந்திப் பார்த்து, "ரொம்ப அழகு ஆன்ட்டி. ரொம்ப நீட்," என்றாள். இரண்டு படம் எடுத்தாள். பிறகு பக்கத்து மேசைக்குப் போனாள். அங்கே படம் எடுப்பதை நிறுத்தவே இல்லை. குனிந்து எடுத்தாள், நிமிர்ந்து எடுத்தாள், முனைகளைத் தனியாக எடுத்தாள்.

"இது உங்களுக்கு எங்க கிடைச்சுது?"

"ஐ.என்.ஏ.லங்க. எனக்கு ஒண்ணுமே தெரியாதுங்க. அக்காதான் அசல்னு பார்த்துச் சொன்னாங்க," என்று ரோஹிணி ராஜலக்ஷ்மியைக் கைகாட்டினாள். முகமெல்லாம் வெளிச்சம்.

இதுதான் நேரம் என்று ராஜலக்ஷ்மி முன்னால் வந்தாள்.

"ஒரு சின்ன டெஸ்ட் மட்டும் பாக்கி இருக்கு. மாசிலாமணி சார், கிச்சன்ல இருந்து கொஞ்சம் பச்சரிசி வாங்கிட்டு வரச் சொல்லுங்க."

அரிசி வந்தது. கூட்டமும் வந்தது. அவள் ஒரு தட்டில் எடைக்கல்லை வைத்து, மறு தட்டில் அரிசியைக் கூட்டி, முள்ளை நடுவில் நிறுத்தினாள். "எல்லாரும் பார்த்துக்கங்க. நேரா நிக்குதா?" நின்றது. "இப்ப ரெண்டையும் இடம் மாத்துறேன்."

மாற்றினாள். தட்டு மேசையில் இடித்துக்கொண்டு இறங்கியது.

யாரோ "அரே!" என்றார்கள்.

"ஒரு கை நீளம், ஒரு கை குட்டை," என்றாள் ராஜலக்ஷ்மி. கோலின் இரண்டு முனைகளையும் தொட்டுக் காட்டினாள். "இந்தத் தட்டுக்கு அடியில பித்தளை வில்லை வச்சு அதை மறைச்சிருக்காங்க. ஜனங்களை ஏமாத்தச் செஞ்ச தராசு. எங்க ஆபீஸ் கையில மாட்டியிருந்தா அன்னைக்கே உடைச்சுப் போட்டிருப்பாங்க."

ரோஹிணியின் முகத்தைப் பார்க்கவேண்டும் என்றுதான் நினைத்திருந்தாள். அந்த நேரத்தில் அவளால் அந்தப் பக்கம் திரும்ப முடியவில்லை. சுபிக்ஷாவைத்தான் பார்த்தாள். சுபிக்ஷா இரண்டு கையாலும் வாயைப் பொத்தியிருந்தாள்.

"ஆன்ட்டி," என்றாள் அவள், கையை எடுத்து. "இன்னொரு தடவை பண்ணுங்க. ப்ளீஸ். வீடியோ எடுத்துக்கறேன்."

"என்னது?"

"நான் ரெண்டு வருஷமா இதைத்தான் தேடறேன்! நல்ல தராசு எங்ககிட்ட நிறைய வந்துடுச்சு. பொய்த் தராசு ஒண்ணுகூட இல்ல. எல்லாரும் சொல்றாங்க, இருந்தா பிடிச்சு உடைச்சிடுவாங்கன்னு. நீங்களே சொன்னீங்களே, உடைச்சிடுவாங்கன்னு! அப்படீன்னா மிச்சம் இருக்கறது எவ்ளோ ரேர்!"

எத்தனை கோப்புகளில் ராஜலக்ஷ்மி தன் கையால் குறிப்பு எழுதியிருப்பாள்: பறிமுதல் செய்யப்பட்ட தராசுகள் அழிக்கப்பட்டன, அழிக்கப்பட்டன, அழிக்கப்பட்டன. அழித்துக்கொண்டே இருந்தால் கடைசியில் மிஞ்சியதுதான் விலைமதிப்பற்றது என்று இத்தனை வருடத்தில் ஒருமுறையாவது தோன்றியிருக்கவேண்டாமா? உத்தியோகம் தலைக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டது. பொய்த் தராசு என்றால் குப்பை என்றே நினைத்துவிட்டாள். அவள் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் இது வெறும் அழகான தராசு. குன்றிமணிப் பெட்டிக்கு ஒரு வாய்ப்பு இருந்திருக்கும். வெறும் அழகாக இருந்ததை அவளே மேடையேற்றி, ஊரைக் கூட்டி, ஈடில்லாததாக ஆக்கிக் கொடுத்துவிட்டாள்.

"மேடம், இன்னொரு தடவை, இன்னொரு தடவை!" என்று மாசிலாமணி கூட்டத்தை ஒழுங்குபடுத்தினார்.

இன்னொரு தடவை செய்தாள். தட்டு இறங்கியபோது இந்த முறை கூட்டம் கைதட்டியது. முன்வரிசையில் நின்ற ஒரு பெரியவர் கேட்டார்: "விக்கிறப்போ கடைக்காரன் ஏமாத்தறான், சரி. வாங்கறப்போ அவனுக்கே நஷ்டமாயிடாதோ?"

பதில் சொல்லக்கூடாது என்றுதான் நினைத்தாள். வாய் கேட்கவில்லை.

"ஆகாது சார். அவன் தராசை அப்படியே திருப்பி மாட்டிக்குவான். விக்கிறப்போ சரக்கை நீளக் கைப் பக்கம் போடுவான், கம்மியாப் போட்டாலே முள் நின்னுரும். விவசாயிகிட்ட வாங்குறப்போ சரக்குக் குட்டைக் கைப் பக்கம். கூடக் கொட்டினாத்தான் முள் நிக்கும். ரெண்டு பக்கமும் அவனுக்குத்தான் லாபம்."

"அடப்பாவி!" என்றார் பெரியவர், மிகுந்த மரியாதையோடு.

"எவ்வளவு மூளை பாருங்க," என்று இன்னொருவர்.

"நூலை வச்சுக் காட்டுங்க ஆன்ட்டி," என்றாள் சுபிக்ஷா. ராஜலக்ஷ்மி நூலை இழுத்துக் காட்டினாள். தட்டைக் கவிழ்த்து வில்லையைக் காட்டினாள். கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னாள். சொல்லச் சொல்லக் கூட்டம் கூடியது, அவளுடைய மரப்பெட்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. தன் வாயே தன் மேசையைக் காலியாக்குகிறது என்று தெரிந்தும் நிறுத்த முடியவில்லை. சாப்பாட்டு மணி அடித்தபோது சுபிக்ஷா ரோஹிணியிடம் கைகுலுக்கிக்கொண்டிருந்தாள். கண்ணாடிப் பெட்டி யாருக்கு என்று யாரும் அறிவிக்கக்கூடத் தேவைப்படவில்லை.

கூட்டம் சாப்பாட்டுக்கு நகர்ந்ததும் ரோஹிணி தராசைக் கழற்ற ஆரம்பித்தாள். ராஜலக்ஷ்மி தட்டுகளைப் பிடித்துக்கொண்டாள்.

"எப்பத் தெரிஞ்சுதுங்க இது?" என்று ரோஹிணி கேட்டாள். தராசைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"காலைல."

"நான் போன் பண்ணறதுக்கு முன்னாலயேங்களா?"

ராஜலக்ஷ்மி சங்கிலியின் முறுக்கை எடுத்தாள். "எல்லாரும் பார்க்கட்டுமேன்னுதான்... இங்க வச்சுக் காட்டுனா நல்லா இருக்குமேன்னு."

"நல்லாத்தானுங்க இருந்துச்சு," என்றாள் ரோஹிணி. கோலைச் சணல் பைக்குள் இறக்கினாள். தட்டுகளை வாங்கிக்கொண்டாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, எப்போதும் போலப் பணிவாகத் தலையசைத்தாள். "ரொம்ப தேங்க்ஸுங்க மேடம்."

மேடம். ஒரு வருடத்தில் முதல் தடவை.

"சாப்பிட்டுட்டுப் போயேன் ரோஹிணி," என்றாள் ராஜலக்ஷ்மி.

"இல்லைங்க மேடம், வீட்ல வேலை இருக்குதுங்க."

ராஜலக்ஷ்மிக்கும் சாப்பாடு இறங்கவில்லை. ஜெயராம் மட்டும் பாயசத்தை இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டார். மரப்பெட்டியை அவர்தான் தூக்கிக்கொண்டு வந்தார். இரண்டு பேரும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள்.

"என் தராசைப் பத்தி அந்த மியூசியத்துப் பொண்ணு ஏதாவது சொல்லிச்சா?" என்று கடைசியில் அவள்தான் கேட்டாள்.

ஜெயராம் யோசித்தார். "நல்லா இருக்குன்னாங்க."

"வேற?"

"ரொம்பச் சரியா எடை போடுதாம்."

ராஜலக்ஷ்மி ரோட்டைப் பார்த்தாள். ஓட்டப் பந்தயத்தில் தோற்ற பிள்ளையிடம் கையெழுத்து அழகாக இருக்கிறது என்று சொல்வார்களே, அப்படி இருந்தது.

பஸ்ஸில் உட்கார்ந்ததும் கைபேசி மினுக்கியது. சங்கத்தின் குழுவில் மாசிலாமணி படத்தைப் போட்டிருந்தார். தட்டு கீழே இறங்கிய அந்த நொடி. எல்லார் வாயும் பிளந்திருந்தது. ராஜலக்ஷ்மியின் முகம் படத்துக்கு வெளியே போய்விட்டது. எடைக்கல்லை விட்ட கை மட்டும், வளையலோடு, ஓரத்தில் இருந்தது.

ஜெயராம் எட்டிப் பார்த்தார். "உன் கை அழகா விழுந்திருக்கு."

அவள் படத்தைப் பெரிதாக்கினாள். கூட்டத்தில் அத்தனை கண்ணும் சாய்ந்த தட்டின் மேல் இருந்தது. ஒரே ஒருத்தி மட்டும் தட்டைப் பார்க்கவில்லை. ரோஹிணி, படத்துக்கு வெளியே, அந்தக் கைக்குச் சொந்தக்காரியின் முகம் இருக்கவேண்டிய இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தராசு சாய்ந்ததற்கு அவளிடம் அதிர்ச்சி இல்லை. அவள் பார்த்துக்கொண்டிருந்தது வேறு எதையோ. அந்த நேரத்தில் தன் முகம் எப்படி இருந்திருக்கும் என்று ராஜலக்ஷ்மி யோசித்தாள். யோசிக்கவே பிடிக்கவில்லை.

படத்தை மூடப்போனாள். மூடுவதற்குள் விரல் தானாக நகர்ந்து கோலின் முனைக்குப் போய் நின்றது. சாய்ந்து தொங்கும்போதும் அந்தக் கழுத்து வளைவு அப்படியொரு அழகு. பஸ் மூன்று நிறுத்தம் தாண்டும் வரை அதையே பார்த்துக்கொண்டு வந்தாள்.